கால்சியம் வீட்டில் இரண்டு பெண்கள்

நான் கெமிஸ்ட்ரி படிக்கப் போனது முழுக்க முழுக்க வாய்க்கொழுப்பினால். ஜொகூர் பாருவில் நான் தங்கிப் படித்த ஆங்கிலப் பள்ளியில் அந்த ஆண்டுதான் முதன்முதலாக அந்த வகுப்பைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் எங்கள் வகுப்புக்குள் வந்து, ஆசிட்டைக் கண்டு பயப்படாதவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். பையன்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

என் அப்பா பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட், தோட்டத்து ஸ்டோரில் ஜாடி ஜாடியாக நிற்கும். அந்த வாடை அடித்தாலே நான் வேறு பாதையில் சுற்றிக்கொண்டு போகிறவன் என்பதைத் தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. "எங்கள் தோட்டத்தில் தினமும் புழங்குகிற சாமான்தான், சார்" என்றேன், ஏதோ அதில் வாய் கொப்பளித்து வளர்ந்தவன்போல. அவர் மகிழ்ந்துபோய் என் பெயரைத்தான் முதலில் எழுதினார்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, கெமிஸ்ட்ரியில் ஆசிட் சாது. கடிக்கிறது கணக்கு. இரண்டு பொருள்களைச் சேர்த்தால் வேறு இரண்டு பொருள்கள் வரும். அதை நடுவில் ஒரு அம்பு போட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். இடப்பக்கம் எந்த அணு எத்தனை இருக்கிறதோ, வலப்பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சொல்லும்போது சின்ன விஷயம்போல்தான் இருக்கும். சாவி கொடுத்த பொம்மைபோல் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

எங்கள் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பாடம் நடத்துவது ஆங்கிலத்தில். திட்டுவதற்கு மட்டும் தமிழை எடுப்பார், அதுவும் என் ஒருவனுக்காக. முதல் கணக்காக, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராவதை எழுதச் சொல்லி என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். ஆக்சிஜன் தனியாக வராது, ஜோடியாகத்தான் வரும். தண்ணீருக்குள் போவதோ ஒரே ஒரு ஆக்சிஜன். ஆக, ஒன்று மிச்சம் நிற்கிறது. அதை என்ன செய்வது?

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், விளையாடி வளர்ந்தவனுக்கு வருமா? ஒரு லயத்து வீட்டில் ஆறு பேர் படுத்திருப்பார்கள். ஊரிலிருந்து கப்பலில் சித்தப்பா வந்து இறங்குவார். அவருக்காக யாராவது புது வீடு கட்டுவார்களா? "அந்தப் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்பார்கள். அவ்வளவுதான். நானும் அந்த மிச்ச ஆக்சிஜனைத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே தள்ளி, 'ஓ'வின் காலடியில் சின்னதாக ஒரு இரண்டு போட்டுவிட்டு, சாக்கட்டியை வைத்துக் கையைத் தட்டிக்கொண்டேன்.

"இது என்ன ஐசே?" என்றார் மாஸ்டர்.

"தண்ணீர், சார்."

"இதுவோ தண்ணி? இது பெராக்சைட். புண்ணிலை ஊத்துறது. உம்மடை வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இதையோ குடிக்கக் குடுக்கிறனீர்?"

தமிழ் தெரிந்த நாலு பையன்கள் சிரித்தார்கள். தெரியாத சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். "உள்ளுக்கை கை வைக்கக் கூடாது, விளங்குதோ? முன்னுக்குத்தான் நம்பர் போடலாம்" என்றார் மாஸ்டர். ஏன் என்று கேட்டேன். "கேள்வி கேக்கிற மூளையைக் கணக்கிலை காட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஆகஸ்டு வரைக்கும் நான் போட்ட ஒரு சமன்பாடும் சரியாகவில்லை. உப்பு ஒன்றைப் புது விஷமாக்கினேன். உலகத்தில் இல்லாத வாயு ஒன்றைக் கண்டுபிடித்தேன். எல்லாம் பாயைத் தள்ளிப் போட்டதனால் வந்த வினை.

இந்த நிலையில் ஆகஸ்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்காக ஒரு சம்பந்தம் காத்திருந்தது.

என் அக்காவுக்குக் குளுவாங்கில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனில் குமாஸ்தா. அக்கா அவரைக் கோயிலில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவரும் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அக்காவிடம் கேட்டால், "போடா" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். அரிசியில் கல் இருக்கிறதோ இல்லையோ, புடைத்துக்கொண்டே இருப்பாள். எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். எங்கள் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போவதானால், அவருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் கட்டிவைக்க இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். எனக்கு அப்போது மீசை என்று சொல்ல மேலுதட்டில் நிழல் மாதிரி ஏதோ இருந்தது. வெயிலில் நின்றால் அதுவும் தெரியாது.

அப்பாவுக்கோ என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பி டாக்டராக்க ஆசை. அதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டும். அவர் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வருஷக் கடைசிப் பரீட்சையில கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணினேன்னா, படி. கல்யாணப் பேச்சே கிடையாது. பெயிலானேன்னா படிச்சது போதும். தை மாசம் ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம். மறுநாள்லேர்ந்து ஆபீஸ்ல என் பக்கத்துல உட்காரு."

"நான் பாஸ் பண்ணிட்டா அக்கா கல்யாணம்?" என்று கேட்டேன்.

"வேற இடம் பாக்கலாம்" என்றார் அப்பா. உள்ளே முறத்தின் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து அக்கா என்னைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! புத்தகத்தைத் திறந்தால் பணியாரம் வந்தது. இரண்டாம் பக்கம் திருப்பினால் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் தூங்கிவிழுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். எனக்குச் சந்தேகமே இல்லை, பாசம்தான் என்று நினைத்தேன். பள்ளிக்குத் திரும்பும் நாள் காலையில்தான் மனதைத் திறந்தாள்.

"டேய் தம்பி, நீ நல்லா இருப்பே. பெயிலாப் போயிடுடா."

"அக்கா!"

"உனக்கு அது கஷ்டமா என்ன? மாரியம்மனுக்கு மாவிளக்கு போடறேன்னு வேண்டியிருக்கேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்டா. இப்ப இருக்கிற மாதிரியே இரு, போதும்."

என் திறமையில் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விடுதிக்கு வந்து சேர்ந்தேன். என் அடுத்த கட்டிலில் இருந்தவன் குளுவாங்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சீனரின் மகன். கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வந்துபோவதால் தமிழ் பேசுவான். அவனுடைய தமிழ் என் கெமிஸ்ட்ரியைவிட எவ்வளவோ தேவலை.

"ஏன் மூஞ்சி இப்படி? யார் செத்துப் போச்சு?" என்று கேட்டான்.

"யாரும் சாகலை. எனக்குக் கல்யாணம் பண்ணப் பாக்கறாங்க."

"அலாமாக்! பிரியாணி உண்டா?"

அவனுக்கு முழுக் கதையையும் சொன்னேன். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்றால் என்ன என்று இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. கட்டில்மேல் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"இரு, இரு. உன் அக்கா அந்த வூட்டுக்குப் போவுது. அந்த வூட்டுப் பொண்ணு உன் வூட்டுக்கு வருது. ஆளு மாத்தி. சரியா?"

"சரிதான்."

"இது மாஸ்டர் போர்டுல எழுதினதுதானே லா! சில்வர் நைட்ரேட், சோடியம் குளோரைடு. அதுவும் ஆளு மாத்திப் போச்சு!"

நான் வாயைத் திறந்தேன், மூட மறந்துவிட்டேன். சோடியம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் குளோரைடு. வெள்ளி ஒரு வீடு. அதன் பெண் நைட்ரேட். பேச்சு முடிந்ததும் குளோரைடு வெள்ளி வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள், நைட்ரேட் சோடியம் வீட்டுக்கு வருகிறாள். சோதனைக் குழாயில் இரண்டையும் நாங்களே ஊற்றிப் பார்த்திருக்கிறோம். ஆசிட் விட்ட ரப்பர்ப் பால்போல வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்காரும். மாஸ்டர் அதற்கு என்னவோ ஒரு பெரிய பெயர் சொன்னார். எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. மணப்பெண் புகுந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நாங்கள் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வைத்தோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கால்சியம் வீட்டுக்கு வரும்வரை. கால்சியம் வீட்டில் பையன்கள் இரண்டு பேர், குளோரைடு பெண்களும் இரண்டு பேர். வெள்ளி வீட்டிலோ நைட்ரேட் ஒரே பெண்.

என் கை பழைய வழக்கப்படி சின்ன எண்ணுக்குப் போயிற்று. வெள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு குளோரைடையும் உட்கார வைத்துவிட்டேன்.

"ஏய், ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு பொண்ணா?" என்றான் நண்பன்.

"அதனாலென்ன? எங்க முருகனுக்கே ரெண்டு."

"உன் முருகன் சாமி. இது சில்வர் லா. என் வூட்டுல ரெண்டு அக்கா இருக்கு. ஒரு மாப்பிள்ளை வந்து ரெண்டையும் கேட்டா, என் அப்பா பம்பு எடுத்து அடிப்பாரு."

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு அது. அந்தப் பம்பு என் தலையில் விழுந்ததுபோல் இருந்தது. வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் இரண்டு சம்பந்தி வீடுகளைக் கூப்பிட வேண்டும். இன்னொரு வெள்ளி வீடு வரட்டும். அவர்களும் தங்கள் நைட்ரேட்டை அழைத்துக்கொண்டு முழுக் குடும்பமாக வரட்டும். கால்சியத்தின் பெண்கள் ஆளுக்கொரு வீட்டுக்குப் போகட்டும், இரண்டு நைட்ரேட்டும் கால்சியம் வீட்டுக்கு மருமகள்களாக வரட்டும். எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன், என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

மாஸ்டர் சொன்ன 'உள்ளுக்கை கை வைக்கக் கூடாது' என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. சின்ன எண் ஒரு வீட்டுக்குள் நடக்கும் குடும்ப விஷயம். அதில் தலையிட நாம் யார்? முன்னால் போடும் பெரிய எண், எத்தனை வீட்டுக்குப் பாக்கு வெற்றிலை வைத்தோம் என்பது. தண்ணீர்க் கணக்கை எடுத்தேன். மிச்ச ஆக்சிஜனுக்குப் பாயைத் தள்ளிப் போடாமல், அதற்கென்று இன்னொரு வீடே வைத்துக்கொடுத்தேன். இரண்டு தண்ணீர்! இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தேன்.

இந்த முறையில் சங்கடம் இல்லாமல் இல்லை. சல்ஃபேட் என்று ஒருத்தி. அவள் ஒருத்தி, அவளைச் சுற்றி இரண்டு சோடியம். இந்த உறவுக்கு எங்கள் பக்கத்தில் பெயரே கிடையாது. நான் பேனாவை வைத்துவிட்டு முழித்தேன்.

"அது பேசாதே லா. எண்ணு மட்டும் போடு" என்றான் நண்பன். இருவரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சல்ஃபேட்டுக்கு எண் போட்டோம்.

அடுத்த வாரம் மாஸ்டர் கால்சியம் கணக்கை எழுதி, இதில் ஏன் முன்னால் இரண்டு வருகிறது என்று என் நண்பனைக் கேட்டார். அவன் எழுந்து நின்று, "சார், கால்சியம் ஹவுஸ், டூ டாட்டர்ஸ், சார்!" என்றான். மாஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு, எப்படித்தான் தெரிந்ததோ, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சம்பந்தம் பேசிறியளோ?"

"ஆமா, சார்."

"சீதனம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, வந்த சிரிப்பை அழித்துக்கொண்டார்.

பரீட்சை வந்தது. கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த குடும்பங்கள். முதல் கேள்வியே கால்சியம். அப்போது பார்த்து அக்காவின் முகம் வந்து நின்றது. அவளுடைய கல்யாணம் என் பேனா முனையில் இருக்கிறது. ஒரு சின்ன எண்ணை உள்ளே செருகினால் போதும். பெயிலாவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. கூடப் பிறந்தவளுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா? அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வோமே, தலையா போய்விடும்?

தியாகம் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் ஐயந்திரிபறத் தெரிந்திருந்தது. அதைத் தெரியாததுபோல் எழுதக் கை வரவில்லை. இப்படியும் ஒரு அற்பத்தனம் உண்டா என்று என்னையே திட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட்டை வாசித்த மாஸ்டர் என் மார்க்கை இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை வகுப்புக்கு, இரண்டாம் தடவை தமக்கு.

வீட்டில் அப்பா ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். அக்கா எனக்கு இலை போட்டாள். சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்தில் இல்லை. பொரியலில் இல்லை. அப்பாவின் இலையில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது.

"அக்கா, உப்பு..."

"கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணின ஆளுக்கு நான் எதுக்கு உப்பு போடணும்? நீயே செஞ்சு போட்டுக்கோ."

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. நான் கேலி பேசக் கற்றவனே தவிர, தேற்றக் கற்றவனில்லை. திரும்பி வந்து, உப்பில்லாத சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பேச்சை முடித்துவிட வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அப்பா தயங்கித் தயங்கி, பையன் படிக்கப் போகிறான் என்றார்.

"அப்ப இது சரிப்படாது, கிராணியாரே. கோவிச்சுக்காதீங்க. எங்க பொண்ணு உங்க வீட்டுல இருந்தாத்தான் உங்க பொண்ணு எங்க வீட்டுல நிம்மதியா இருக்கும். எங்க சம்சாரத்தோட வாய் உங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். இவ்வளவு நேர்மையான மனிதருக்கு அப்பா வெற்றிலைத் தட்டைத்தான் நகர்த்தி வைக்க முடிந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் ஒன்று கேட்டு நின்றது.

நான் போய் வெற்றிலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். பெரியவர்கள் பேசுகிற இடம். அப்பா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"மாமா, இந்தக் கொட்டைப்பாக்கு உங்க வீடு" என்றேன். "பக்கத்துல இருக்கிற ஏலக்காய் உங்க பொண்ணு. இந்தக் கொட்டைப்பாக்கு எங்க வீடு. இந்தக் கிராம்பு எங்க அக்கா."

"என்ன தம்பி, சோழி உருட்டறீங்களா?"

"இல்ல மாமா, கெமிஸ்ட்ரி. அக்கா உங்க வீட்டுக்கு வரட்டும். உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும். ஆனா இந்த ஒரு பாக்குதான் எங்க வீடுன்னு யார் சொன்னது? எங்க செத்துப்போன பெரியப்பா வீடும் எங்க வீடுதானே?" என்று இன்னொரு பாக்கை எடுத்து வைத்தேன். "அங்க எங்க அண்ணன் இருக்காரு. பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர். வயசு முப்பது. உங்க பொண்ணு அந்த வீட்டுக்குப் போனாலும், எங்க குடும்பத்துக்குத்தானே வருது?"

அண்ணனுக்குப் பெரியவர்கள் இல்லாததால் பெண் தேட ஆளில்லை. எங்களுக்கும் அவர் ஞாபகம் வரவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, வயிற்றுக்குப் பேதி மருந்து கொடுக்கிற டிரெசரை மாப்பிள்ளைக் கோலத்தில் நினைத்துப் பார்ப்பது சுலபமில்லை.

மாமா தட்டைப் பார்த்தபடி யோசனையில் ஆழ்ந்தார். யோசிக்கும்போது அவருக்கு வாயில் ஏதாவது வேண்டும்போலும். கை தானாகப் போய் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"மாமா" என்றேன், "அது எங்க அக்கா."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். முதலில் கதவுக்குப் பின்னால்தான் சிரிப்பு வெடித்தது. அடக்க முயன்று முடியாமல் வெடித்த சிரிப்பு. அப்புறம் மாமாவின் வயிறு குலுங்கியது.

"சரி, இனிமே திருப்பித் தர முடியாது. எங்க வீட்டுக்கே வந்துட்டா" என்றார். "அந்த டிரெசருக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?"

"கண்ணாடியைக் கண்டா தலை வாருவாரு. அது ஒண்ணுதான்."

அண்ணனிடம் சொல்ல ஆள் போனபோது, அவர் தலை வாரிக்கொண்டுதான் இருந்தாராம்.

தை மாதம் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. நான் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். முகூர்த்தம் முடிந்து இரண்டு ஜோடியும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நிமிர்ந்தேன். எனக்குப் பேசிய அந்தப் பெண்ணை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இனி அவர் எனக்கு அண்ணி என்பதால் வர்ணிப்பது முறையில்லை. பாயசம் இலையில் விழாமல் என் காலில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பாயசம் சூடாக இருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

"இவருதான் தம்பியா? என்னைக் கட்டிக்கப் பயந்து படிச்சுப் பாஸ் பண்ணினவரு?" என்று அண்ணி என் அக்காவிடம் கேட்டார்.

"அவனேதான். பெயிலாகணும்னு நான் மாவிளக்குக்கூட வேண்டிக்கிட்டேன்" என்றாள் அக்கா. கழுத்தில் தாலி ஏறிவிட்டதால் அவளுக்கு எல்லாமே தமாஷாக இருந்தது.

"நானும் வேண்டிக்கிட்டேன்" என்றார் அண்ணி.

பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டேன். "நான் பெயிலாகணும்னா, அண்ணி?"

"பாசாகணும்னு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன், பாவம், அவருக்கு ஒன்றும் புரியாமல் முன்மயிரைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"ஏன் அண்ணி? என்னை நீங்க பார்த்ததுகூட இல்லையே?"

"ஒரு தடவை குளுவாங் ஸ்டேஷன்ல பார்த்தேன்" என்றார் அண்ணி. "எங்க அண்ணனுக்குச் சோறு எடுத்துட்டு வந்தப்ப. நீங்க பள்ளிக்கூடம் போற ரயிலுக்கு நின்னுட்டிருந்தீங்க, அண்ணன்தான் காட்டினாரு." அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார்.

ஊற்றினேன். அந்த ஸ்டேஷனில் நான் அப்படி என்னதான் செய்துகொண்டு நின்றேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளிக்குக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அண்ணி சிரிக்கிறாரே தவிர, சொல்வதாயில்லை.